கூரம் செப்பேடும் ஒரு முனைவர் பட்டமும்

கல்வியைக் கரைகண்டவர்கள் அதன்பின் எவ்வாறு பிழைத்தனர் என்ற வினாவுக்குத் தமிழகத்தில் கிடைக்கும் பழைய விடைகளுள் ஒன்று, காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடுகளைப் பெருவளநல்லூர்ப் போர் வருணனைக்காகவே நம்மில் பலர் அறிவோம். நாம் இங்கே காண விழைவது போரை அன்று, பங்குக் கணக்கை.

பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் 25 பங்குகளாக்கப்பட்டது. கூரத்துச் சிவன் கோயிலில் வழிபாட்டையும் பழுதுபார்ப்பையும் கவனிக்கும் அனந்தசிவாசாரியர், புல்லசர்மன் ஆகிய இருவருக்கும் 3 பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் தர 1 பங்கு. அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்க 1 பங்கு. எஞ்சிய 20 பங்கும் நான்மறை கற்ற இருபதின்மருக்கு. தண்ணீர்ப் பங்கும் பாரதப் பங்கும் ஒரே அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரார்க்குப் படித்துக் காட்டுபவருக்கு இருபத்தைந்தில் ஒன்று. கற்றோர் என்னும் தகுதிக்கோ இருபது. அத்தகுதியும் பிறப்பால் வரையறுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நிலப்பங்கு ஒன்றே வழியாக இருக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டில் காஞ்சிக் கடிகைக்கு மறை பயில வந்த மயூரசர்மன், பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு ஏற்பட்ட பூசலால் சினந்து வாளேந்திக் கதம்ப அரசை நிறுவினான் எனத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. (படிப்பை இடையில் விட்டு அரசனானவர் என்று இவரைச் சொல்லலாம்!) 8ஆம் நூற்றாண்டில் பல்லவ அரியணை வெறுமையானபோது, இரணியவர்மனிடம் சென்று அரசன் வேண்டி நின்றோருள் கடிகையாரும் இருந்தனர். காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயில் சிற்பங்களும் அவற்றின் கீழுள்ள எழுத்துகளும் இதைக் காட்டுகின்றன. ஆசிரியர் கூட்டம் அரசனைத் தேடிச் சென்ற காலம் அது.

இச்செய்திகளையெல்லாம் திரட்டி ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் கடாம்பி மீனாட்சி. 1905இல் பிறந்த இவர், பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்து 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் இவரே. 1938இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வில் பல்லவர் காலக் கல்விக்கும் கடிகைகளுக்கும் உரிய இடம் உண்டு. பல்லவரைப் பற்றி எழுதுவோர் இன்றும் அந்நூலைக் கடந்து செல்ல இயலாது என்பது நம் கருத்து.

கடிகையாரின் வாழ்வை எழுதியவருக்கு வாய்த்தது என்ன? பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் கழித்தே, 1939இல், மைசூர் திவான் மிர்சா இஸ்மாயிலின் முயற்சியால் பெங்களூர் மகாராணி கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் நேரில் ஆராய்ந்த ஒருவருக்குத் தமிழ் மண்ணில் அத்தகைய இடம் அமையாமல் போனது நமக்கு உறுத்துகிறது. அப்பதவியிலும் நெடுநாள் இருக்க அவருக்கு விதிக்கப்படவில்லை. 1940 மார்ச்சில், தம் 34ஆம் வயதில் காலமானார்.

வைகுந்தப்பெருமாள் கோயிற் சிற்பங்கள் குறித்த அவருடைய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. கடிகையார் அரசனை அழைக்கச் செல்லும் அக்காட்சியும் அதில் இருக்கிறது.