குத்தம்பாக்கத்தின் பொதுச்சுவரும் சென்னையின் வாடகை வீடும்

வாடகைக்கு விட வீடு கட்ட நினைப்பவர்களின் பார்வை பூந்தமல்லியைத் தாண்டிக் குத்தம்பாக்கம் வரை வந்துவிட்டது. பெங்களூரு நெடுஞ்சாலையில் திருமழிசையை ஒட்டிய ஊர் இது. சற்றுத் தள்ளி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். மேற்கே போகும் வெளியூர்ப் பேருந்துகளுக்கான முனையத்துக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தது. மனை விலை, கடன் தவணை, வாடகை வரவு எல்லாம் கூட்டிக் கழித்த பிறகு, புதிதாக வீட்டுக்காரர் ஆகிறவரிடம் மிஞ்சுவது ஒரு கேள்வி: நல்ல குடித்தனக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஊர் வழக்கத்தில் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. வாடகையை ஒழுங்காகத் தருவாரா என்பது ஒன்று. நம்மவரா என்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு என்பதையும், இரண்டாவது முதலாவதற்குத் துணைசெய்வதில்லை என்பதையும் இந்த வட்டாரத்தின் வரலாறே காட்டுகிறது.

சென்னையில் வீட்டுக்காரரின் பயத்துக்கு வயது எண்பதுக்கு மேல். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்று அஞ்சி நகரமே காலியானபோது குடியிருக்க ஆள் இல்லாமல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. போர் முடிவதற்குள் நிலைமை தலைகீழாகி, வீடு கிடைப்பதே அரிதாயிற்று. போர்க்கால ஆணைகளாகத் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1946இலும் 1949இலும் சட்டமாகி, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. வாடகையை வேண்டுமென்றே நிறுத்தினால், உள்வாடகைக்கு விட்டால், வீடு சொந்த உபயோகத்துக்கு வேண்டியிருந்தால் என்று சட்டம் அடுக்கிய காரணங்களில் ஒன்றை நிரூபித்தால்தான் குடித்தனக்காரரை வெளியேற்ற முடிந்தது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளுக்கு இருந்த விலக்கையும் 1986இல் உச்ச நீதிமன்றம் ரத்தன் ஆர்யா வழக்கில் செல்லாது என்றது. ஆளைத் தவறாகத் தேர்ந்தால் திருத்த வழியில்லை என்பதால்தான் பத்து மாத அட்வான்ஸ், தெரிந்தவர் சிபாரிசு, ‘சைவம் மட்டும்’ என்ற பலகை எல்லாம் வந்தன என்பது வீட்டுக்காரர் தரப்பு வாதம்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை இந்த வாதத்தை ஏற்கலாம். மற்றதற்கு அது பொருந்தவில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் சென்னை, மதுரை போன்ற நகரங்களுக்கும் நகராட்சிகளுக்கும் உரியதாக இருந்தது. மற்ற இடங்களுக்கு அரசு தனியே அறிவித்தால்தான் அது பொருந்தியது. அப்படி அறிவிக்கப்படாத கிராமங்களில் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி, மாத வாடகைக்காரருக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துக் குடித்தனத்தை முடித்துவிடலாம். சட்டத்தின் பிடி அவ்வளவு தளர்ந்திருந்த கிராமங்களில் ‘நம்மவரா’ என்ற கேள்வி தளர்ந்திருந்ததா? அங்கேதான் ஊரும் சேரியும் தெருவாலும் வயலாலும் பிரிந்து கிடந்தன. வாடகைச் சட்டம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இருந்த பிரிவினைக்குச் சட்டத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. சட்டம் அதற்கு ஒரு நல்ல சாக்காக வாய்த்தது, அவ்வளவுதான்.

குத்தம்பாக்கத்தின் பதில் இங்கேதான் முக்கியமாகிறது. 1996இல் ஊராட்சித் தலைவரான ரங்கசாமி இளங்கோ வேதிப் பொறியியல் படித்தவர், தலித் குடும்பத்தில் பிறந்தவர். மு. கருணாநிதி அரசு பெரியார் நினைவு சமத்துவபுரங்களைத் தொடங்கியபோது, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998இல் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரம் உட்பட, பொதுவான திட்டம் பல சாதியினருக்கும் ஒரே குடியிருப்பில் தனித்தனி வீடுகள் என்பதாக இருந்தது. குத்தம்பாக்கத்தில் இளங்கோ ஒரு படி மேலே போனார். நூறு குடும்பங்களுக்கு ஐம்பது இரட்டை வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி தலித் குடும்பத்துக்கு, மறு பாதி தலித் அல்லாத குடும்பத்துக்கு, நடுவே ஒரே சுவர். வாடகை உலகில் யாரை அண்டவிடக் கூடாது என்று பலகை மாட்டுகிறார்களோ அவர்களையே பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் வைத்து ஊர் நடந்துகொண்டிருக்கிறது.

அவை சொந்த வீடுகள்தானே, வாடகைக்கு என்ன உதாரணம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அது வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. வாடகை ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதுகிறோம். ஓராண்டைத் தாண்டினால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு கட்டாயம் என்பதே காரணம். பிடிக்காத குடித்தனக்காரர் ஒருநாள் காலிசெய்துவிடுவார். பொதுச்சுவருக்கு அப்பால் சொந்த வீட்டில் இருப்பவர் ஆயுளுக்கும் அங்கேதான் இருப்பார். கடினமான சோதனையில் தேறிய ஏற்பாடு எளிய சோதனையில் தோற்கும் என்று நம்ப இடமில்லை. அரசு உந்தியதால் நடந்தது, மனம் மாறியதால் அல்ல என்போரும் உண்டு. இருக்கலாம். ஒரு சுவர் சாதியை ஒழித்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்து குடியிருக்க மனம் முழுதாக மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் அது காட்டியது. ஆவடியில் 1960களில் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸும் அப்படித்தான்: மத்திய அரசு என்ற வீட்டுக்காரர் பார்த்தது சம்பளப் படிநிலையையும் பணி மூப்பையும், வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டது.

அப்படியானால் முதலீடு செய்கிறவர் எதைத்தான் பார்க்க வேண்டும்? இந்த வட்டாரத்தில் வாடகையை நிறுத்தும் காரணம் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வரும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் திறந்து 2014இல் மூடியது. அதை நம்பிக் குடியிருந்தவர்கள் நம்மவரா வேற்றாளா என்று அந்தக் கதவு பார்க்கவில்லை. நான்கு வீடு கட்டுகிறவர் நான்கிலும் ஒரே கம்பெனி ஆட்களை வைத்தால், அவர்கள் அத்தனை பேரும் சொந்தக்காரர்களாகவே இருந்தாலும், நான்கு வாடகையும் ஒரே மாதத்தில் நிற்கும். சாதி பார்த்து ஆள் சேர்ப்பது ஆபத்தை ஒரே இடத்தில் குவிக்கும். பல தொழில், பல ஊர் ஆட்களை வைப்பது அதைப் பரப்பிவிடும். இன்னொரு மாற்றமும் உண்டு. 2021 டிசம்பரில் பூந்தமல்லி வட்டாரத்து விடுதியில் கெட்ட உணவால் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நோயுற்று, நெடுஞ்சாலையை மறித்துப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. இனி தேர்ந்தெடுக்கும் இடத்தில் வீட்டுக்காரர் மட்டும் இல்லை. தண்ணீரும் கழிவறையும் சரியில்லாத வீட்டைத் தொழிலாளியும் ஒதுக்குவார்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையே வரம்பு. சட்டம் எட்டாத இடத்திலும் அதன் ஒழுங்கைக் கடைப்பிடிக்கத் தடையில்லை. வேலைச் சான்று, முந்தைய வீட்டுக்காரரிடம் ஒரு விசாரிப்பு, வாடகை தேதியும் மின்கட்டணமும் காலிசெய்யும் அவகாசமும் எழுதிய ஒப்பந்தம்: ‘நம்மவரா’ என்ற கேள்வி தருவதாகச் சொல்லி ஒருநாளும் தராத பாதுகாப்பை இவை தரும். குத்தம்பாக்கத்தில் கட்டுகிறவர் அந்தக் கேள்வியை விட்டுவிடுவதால் இழப்பது ஒன்றுமில்லை. விடாமல் வைத்திருந்தால் நல்ல குடித்தனக்காரர் பலரை வாசலிலேயே இழப்பார்.