கொல்லன் தெருவில் ஊசி: ஆங்கில மரபுத்தொடர்கள் நம் பிள்ளைகளிடம் வந்த கதை



அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "டீச்சர், பொண்ணு இன்டர்வியூவுக்குத் தயாராகுறா. ஐம்பது இடியம் மனப்பாடம் பண்ணச் சொல்லி லிஸ்ட் கொடுத்திருக்காங்க. அதைப் பார்த்தே பயந்து போய் இருக்கா. அவசியம் வேணுமா?" என்றார். ஐம்பது வேண்டாம், ஐந்து போதும் என்று சொல்லி வைத்தேன். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இடியம் என்றால் மரபுத்தொடர். சொல்லைத் தனித்தனியாகப் பிரித்தால் பொருள் கிடைக்காது, சேர்த்துத்தான் கொள்ள வேண்டும். "பணத்தை வாங்கிக்கிட்டு கம்பி நீட்டிட்டான்" என்கிறோம். அங்கே கம்பியும் இல்லை, யாரும் நீட்டவும் இல்லை. "எனக்கே காது குத்தறியா?" என்பதும் அப்படித்தான். இதைத் தமிழ் படிக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அகராதியைப் புரட்டினால் ஆசாரியும் கம்மலும்தான் வரும்.

உண்மையில் இந்தக் கஷ்டத்தை நம்மிடம் வந்து பட்டவர்கள் அவர்கள்தான். பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் யாழ்ப்பாணத்தில் பல வருஷம் இருந்தார். ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர் இவர்தான். நம் ஆட்கள் வாயைத் திறந்தால் பழமொழியும் மரபுத்தொடருமாக வருகிறதே என்று பார்த்தவர், அவற்றை உட்கார்ந்து சேகரித்தார். 1842ல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பு வந்தது. பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1874ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். 1897ல் ஜென்சன் என்ற டென்மார்க் பாதிரியார் பொருள்வாரியாகப் பிரித்து இன்னொரு தொகுப்பு போட்டார். ஒரு மொழியின் சொல்வழக்கு தெரியாமல் அந்த ஜனங்களிடம் பேச முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மொழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சந்தோஷம் உண்டு. "கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்" என்பார்கள். நியூகாசில் நிலக்கரிக்குப் பேர் போன ஊர். அங்கேயே கரியைக் கொண்டுபோய் விற்கிற புத்திசாலித்தனம்! நாம் "கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா?" என்கிறோம். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "அம்பத்தூர் எஸ்டேட்ல போல்ட் நட்டு விக்கிற மாதிரி டீச்சர்" என்றான். அவனுக்கு அந்த இடியம் இனி ஜென்மத்துக்கும் மறக்காது. "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்பதற்கு நம் "ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம்". (அமாவாசை மாதா மாதம் தவறாமல் வருகிறதே என்று கேட்ட அந்த வாயாடியும் இதைப் படித்துக்கொண்டிருப்பாள்.)

சில தொடர்கள் நம் வீட்டுக்குள்ளேயே வந்து தமிழாகிவிட்டன. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. நம் அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் பாதைதான் அது. ரயிலோடு ரயில் பாஷையும் வந்தது. "அப்பா பச்சைக்கொடி காட்டிட்டார்", "பேச்சு தடம் புரண்டு போச்சு" என்று நாம் சொல்வதெல்லாம் தண்டவாளத்துக்கு அப்புறம் பிறந்த தமிழ். ஆங்கிலத்தில் "லெட் ஆஃப் ஸ்டீம்" என்பார்கள். நீராவி எஞ்சினில் அழுத்தம் கூடினால் வால்வைத் திறந்து ஆவியை வெளியே விடுவார்கள். அதுபோல மனதில் உள்ள கோபத்தைக் கொட்டித் தீர்ப்பது. தேனிலவு, பனிப்போர், சிவப்பு நாடா, கறுப்பு ஆடு எல்லாம் ஆங்கிலத் தொடர்களை அப்படியே தமிழாக்கியவைதான். யாராவது அவற்றைப் பார்த்துப் பயப்படுகிறோமா?

அப்படியென்றால் பயம் எங்கே வந்தது? பள்ளிக்கூடத்தில்தான்.

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் எல்லோருக்கும் தெரியும். 1930களில் வந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயக் குடும்பத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. வீட்டிலேயே ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளைக்கு இடியம் லிஸ்ட் என்பது தெரிந்த முகங்களின் வரிசை. அதே வரிசையை வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளையிடம் நீட்டினால் அது சுவர் மாதிரி நிற்கும். கான்வென்ட் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். நம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு வேறு பாதை போடப்பட்டது.

அந்தப் பாதைக்குப் பெயர் ஸ்ட்ரக்சுரல் முறை. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் போன்றவர்கள், எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ அதை முதலில் சொல்லிக்கொடு என்றார்கள். 1953ல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொல் பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். சென்னை மாகாணம் 1950களில் இந்த வழிக்கு மாறியது. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானது வரை அடுக்கி, ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லித்தர பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு ஒரு பெரிய இயக்கமே நடந்தது. 27,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது குறிக்கோள். சிலருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் மற்றவர்களுக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு. பனிப்பந்து உருள உருளப் பெரிதாவது போல என்று அதற்கு "மெட்ராஸ் ஸ்னோபால்" என்றே பேர் வைத்தார்கள். பனியே பார்க்காத மெட்ராஸுக்கு!

நான் ஆசிரியப் பயிற்சி படித்தபோதும் இந்த முறையின் வாசனைதான். "ஐ ஆம் வாக்கிங் டு தி டோர், ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்" என்று சொல்லிக்கொண்டே நிஜமாக நடந்து போய்க் கதவைத் திறப்போம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த எத்தனையோ பிள்ளைகள் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொன்னது அப்படித்தான். ஆனால் சொல்லை எண்ணி எண்ணிக் கொடுக்கிற அந்த ஏற்பாட்டில் மரபுத்தொடருக்கு இடம் இல்லை. அது கடைசி வகுப்புகளில், "பொருத்துக" கேள்வியாக, மார்க்குக்காக வந்தது. இந்தப் பக்கம் தொடர், அந்தப் பக்கம் பொருள், நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான் உறவு.

கோடு போட்டுப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு பையன் லீவ் லெட்டர் எழுதினான். "மை கிராண்ட்ஃபாதர் கிக்டு தி பக்கெட்." லிஸ்டில் "கிக் தி பக்கெட்: இறந்து போதல்" என்று இருந்தது. அவன் மேல் என்ன தப்பு? தாத்தாவை இழந்த பிள்ளையைத் திட்ட மனம் வருமா? இரண்டு நாள் கழித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "கண்ணு, 'தாத்தா மண்டையைப் போட்டுட்டார்'னு ஹெட்மாஸ்டருக்கு எழுதுவியா?" என்று கேட்டேன். கண் விரிந்து போனது. "பாஸ்டு அவே" என்று அவனே திருத்தினான். பொருளை லிஸ்ட் தரும். யாரிடம், எப்போது, எந்தக் குரலில் என்பதைத் தராது.

இதே மாதிரி "ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்". நம் ஊரில் எல்லா லிஸ்டிலும் முதலிடம் இதற்குத்தான். இங்கிலாந்தில் பேச்சில் இது பழசாகிவிட்டது. கூரை மேல் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, நம்பாதீர்கள். சொல்லுக்குக் கதை கட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வியாதி. டேங்க் தொழிற்சாலை வந்ததால், அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து "ஆவடி" ஆனது என்று நம்மிடமும் சொல்கிறார்களே! தொழிற்சாலை வந்தது 1961ல். ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்தது 1955ல். ஊர் பேர் முந்தியா, டேங்க் முந்தியா?

மாறாக "அவுட் ஆஃப் ஸ்டேஷன்", "டூ தி நீட்ஃபுல்" என்று நாம் எழுதினால் சிலர் சிரிக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் தாங்கள் வேலை பார்த்த ஊரை ஸ்டேஷன் என்றார்கள், ஊரில் இல்லாவிட்டால் அவுட் ஆஃப் ஸ்டேஷன். அவர்கள் போய்விட்டார்கள், சொல் நம்மிடம் தங்கிவிட்டது. வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி முக்கியமான ஒருவரைச் சொல்ல வேண்டும். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு. வகுப்பில் சரியாக வாக்கியம் சொல்கிற பிள்ளை வெளியே வந்தால் ஏன் பேச மாட்டேன் என்கிறது என்ற கேள்வி அப்போது பலருக்கும் இருந்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை அடுக்கிக் கொடுக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, "இந்த வேலையை முடி" என்றார். பிள்ளைகளின் கவனம் விடையில் இருக்கும், மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. 1987ல் அதைப் புத்தகமாக எழுதினார். உலகம் முழுக்க ஆசிரியர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

நான் அதைப் படித்த பிறகு வகுப்பில் கொஞ்சம் கடன் வாங்கினேன். வாரத்துக்கு ஒரே ஒரு மரபுத்தொடர். அர்த்தம் எழுதக் கூடாது. முதலில் நம் வீட்டில் இதற்கு என்ன சொல்வோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் அந்த வாரம் நிஜமாக நடந்த ஒன்றை வைத்து வாக்கியம். கற்பனை வாக்கியம் செல்லாது. "இன் தி நிக் ஆஃப் டைம்" வாரத்தில் ஒரு பெண் எழுதினாள்: "தண்ணி லாரி கிளம்பப் போச்சு, அம்மா கடைசி நிமிஷத்துல குடத்தோட ஓடினாங்க" என்பதை அழகான ஆங்கிலத்தில். "மிஸ் தி பஸ்" என்றால் வாய்ப்பை நழுவ விடுவது என்று சொல்லிக்கொடுத்த வாரம், பூந்தமல்லியிலிருந்து வரும் ஒருவன் தினமும் தாமதமாக வந்து, "டீச்சர், ஐ மிஸ்டு தி பஸ். நிஜ பஸ்" என்றான். அந்த வாரம் முழுக்க அவனை உள்ளே விட்டேன்.