பெயர் மாறிய நாளிதழும் பெயர் பிரிந்த நாளிதழும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவைத் தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் இருக்கிறது கல்லாறு. அங்குள்ள காட்டுக் குடியிருப்பைச் சேர்ந்த மூலிகை மருத்துவர் லட்சுமிக்குட்டிக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவரைப் பற்றியோ அந்த ஊரைப் பற்றியோ தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத முனைபவர் நாளிதழ்ச் செய்திகளைத்தான் பெரும்பாலும் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கும். அந்த வட்டாரத்தில் படிக்கப்படும் இரண்டு நாளிதழ்கள், எழுதுபவரை ஓர் அடிப்படைக் கேள்வியில் நிறுத்திவிடும். இந்த இதழை எந்தப் பெயரில் குறிப்பது? ஒன்று இந்து தமிழ் திசை. மற்றொன்று தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்.

இரண்டும் இன்றைய பெயரோடு பிறந்தவை அல்ல. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வகைச் சிக்கல். ஒரே விதியால் தீர்த்துவிடலாம் என்றே தோன்றும். இரண்டுக்கும் நேர்ந்தவை வேறு வேறு. அந்த வேறுபாட்டை முதலில் கண்டுகொண்டால்தான் கலைக்களஞ்சியத்தில் தலைப்பு, தொடக்க ஆண்டு, மேற்கோள் ஆகிய மூன்றும் சரியாக அமையும்.

மாறிய பெயர்

ஜி. சுப்பிரமணிய ஐயரும் நண்பர்களும் 1878இல் சென்னையில் வார இதழாகத் தொடங்கிய ஆங்கில இதழ் தி இந்து. 1889இல் அது நாளிதழானது. அந்தக் குழுமம் 2013 செப்டம்பர் 16 அன்று தமிழில் ஒரு நாளிதழைக் கொண்டுவந்தபோது அதற்கும் 'தி இந்து' என்றே பெயர் வைத்தது. 2018இல் அது 'இந்து தமிழ் திசை' ஆனது. பெயர் மாறினாலும் ஆசிரியர் கே. அசோகனே தொடர்ந்தார். 'உயிர் மூச்சு', 'பெண் இன்று', 'மாயா பஜார்' போன்ற இணைப்புகளும் தொடர்ந்தன. வாசகர் வீட்டு வாசலில் விழுந்த தாள் அதேதான். முகப்பில் பெயர் மட்டும் வேறு.

இது எளிய வகை. உலகில் இதற்கு முன்மாதிரிகள் நிறைய உண்டு. 1821இல் தொடங்கிய மான்செஸ்டர் கார்டியன் 1959இல் கார்டியன் ஆனது. 1838இல் பிறந்த பாம்பே டைம்ஸ் 1861இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா ஆனது. கலைக்களஞ்சியம் இவற்றுக்கு ஒரே கட்டுரைதான் வைக்கிறது. புதிய பெயர் தலைப்பாகிறது. பழைய பெயர் முதல் வாக்கியத்தில் இடம்பெறுகிறது. பழைய பெயரைத் தேடி வருபவரை ஒரு வழிமாற்று புதிய தலைப்புக்குக் கொண்டுபோய் விடுகிறது.

இந்து தமிழ் திசைக்கு அந்தக் கடைசிப் படி அப்படியே பொருந்தாது. 'தி இந்து' என்ற பெயரை இன்றும் ஆங்கில நாளிதழ் சுமந்து நிற்கிறது. அந்தத் தலைப்பிலிருந்து தமிழ் நாளிதழுக்கு வழிமாற்று வைக்க முடியாது. வைத்தால் நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கும் ஓர் இதழின் இடத்தை அதன் இளைய இதழுக்குக் கொடுத்ததாகிவிடும். ஆங்கில நாளிதழைப் பற்றிய கட்டுரையின் தலையில் ஒரு குறிப்பு வேண்டும்: 2013 முதல் 2018 வரை இதே பெயரில் வெளிவந்த தமிழ் நாளிதழைத் தேடுகிறீர்களா, இங்கே செல்லுங்கள் என்று. பெயரைப் பங்கிட்டுக்கொண்ட ஊர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா இந்த மரியாதையைச் செய்கிறது. கல்லாறு என்ற பெயர் மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில் பாதையிலும் உண்டு. காசர்கோட்டிலும் இடுக்கியிலும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும்போது மாவட்டப் பெயரை அடைப்புக்குறியில் சேர்ப்பதும், பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் அமைப்பதும் அங்கே பழகிய முறைகள். இதழ்களுக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

பிரிந்த பெயர்

எக்ஸ்பிரஸின் கதை வேறு. பி. வரதராஜுலு நாயுடு 1932இல் சென்னையில் தொடங்கிய இந்தியன் எக்ஸ்பிரஸ், பிறகு ராம்நாத் கோயங்காவின் கைக்கு வந்து நாடு முழுவதும் பதிப்புகள் கண்டது. 1991இல் கோயங்கா மறைந்தார். அதன்பின் குடும்பத்தில் சொத்துப் பிரிவினை நடந்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட வடக்குப் பதிப்புகள் விவேக் கோயங்காவிடமும், தென் மாநிலப் பதிப்புகள் மனோஜ் குமார் சொந்தாலியாவிடமும் சேர்ந்தன. பழைய பெயர் மும்பைக் குழுமத்தோடு போனது. 1999இல் தெற்குப் பதிப்புகள் 'தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரை ஏற்றன.

இங்கே ஓர் இதழ் இரண்டானது. இதழ் பிறந்த ஊரான சென்னை ஒரு குழுமத்திடம் நின்றது. பிறந்தபோது வைத்த பெயர் மற்றொரு குழுமத்திடம் போனது. இடத்தின் தொடர்ச்சியைப் பிடித்தால் தெற்கு இதழ் மூத்தது. பெயரின் தொடர்ச்சியைப் பிடித்தால் மும்பை இதழ் மூத்தது. இரண்டு வாதத்துக்கும் அடிப்படை உண்டு. இதைத் தீர்ப்புச் சொல்லி முடிக்கும் வேலை கலைக்களஞ்சியத்துடையது அல்ல. இரண்டு கட்டுரைகள் இருக்க வேண்டும். பிரிவினைக்கு முந்தைய வரலாற்றை ஒன்றில் விரிவாகச் சொல்லி, மற்றொன்றில் சுருக்கிச் சொல்லி இணைப்புக் கொடுக்க வேண்டும்.

இதே குடும்பத்தின் தினமணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1934இல் தொடங்கிய தினமணி, பிரிவினையில் தெற்குக் குழுமத்தோடு போனது. உரிமை கைமாறியும் பெயர் மாறவில்லை, இதழ் இரண்டாகவுமில்லை. அதனால் அதன் கட்டுரைத் தலைப்பில் எந்தக் கேள்வியும் எழுவதில்லை. உரிமையாளர் மாறுவது, பெயர் மாறுவது, இதழ் பிரிவது ஆகியவை மூன்று தனித்தனி நிகழ்வுகள். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதிலிருந்துதான் பேச்சுப் பக்கச் சச்சரவுகள் பல தொடங்குகின்றன.

மக்கள் அழைக்கும் பெயர்

கட்டுரைத் தலைப்புக்கு விக்கிப்பீடியாவில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல், நம்பத்தக்க பிற மூலங்கள் ஒன்றை எந்தப் பெயரால் அதிகம் அழைக்கின்றன என்பது. பெயர் மாறியிருந்தால், மாற்றத்துக்குப் பின் எழுதப்பட்ட மூலங்களுக்குக் கூடுதல் எடை. நிறுவனம் அறிவித்துவிட்டது என்பதற்காக மட்டும் தலைப்பை மறுநாளே நகர்த்துவதில்லை. 2023 ஜூலையில் ட்விட்டர் தன்னை எக்ஸ் என்று அறிவித்த பிறகும் ஆங்கில விக்கிப்பீடியாவில் பழைய பெயரே நெடுநாள் தலைப்பாக நின்றது இதனால்தான்.

நல்ல விதிதான். நாளிதழ்களிடம் வரும்போது இதற்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, போட்டி இதழின் பெயரை அச்சிட நம் இதழ்கள் தயங்குகின்றன. 'ஒரு தமிழ் நாளிதழ்', 'ஆங்கில நாளிதழ் ஒன்று' என்று எழுதிக் கடந்துவிடுகின்றன. ஊருக்கோ நிறுவனத்துக்கோ கிடைக்கும் அளவுக்கு இதழின் பெயர் பிற செய்திகளில் பதிவாவதில்லை. எனவே தொகுப்பாளர் வேறு இடங்களில் தேட வேண்டும். கட்டுரைத் தொகுப்பு நூல்களில் முதலில் வெளியான இதழைச் சொல்லும் நன்றிப் பக்கம், நீதிமன்றத் தீர்ப்புகள், ஆய்வேடுகள், பத்திரிகைப் பதிவாளரின் பட்டியல் ஆகியவை நல்ல மூலங்கள்.

இரண்டாவது, பேச்சில் வழங்கும் பெயர் இரண்டு இதழ்களுக்கும் போதாமல் போகிறது. 'தமிழ் இந்து' என்றுதான் பலர் இன்றும் சொல்கிறார்கள். அது அன்பான பெயர். எளிதில் புரியும் பெயர். ஆனால் 'தமிழ்ஹிந்து' என்ற பெயரில் தொடர்பே இல்லாத ஓர் இணைய இதழும் இருக்கிறது. 'எக்ஸ்பிரஸ்' என்றால் திருவனந்தபுரத்தில் ஒன்று, மும்பையில் வேறொன்று. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' என்று தமிழில் எழுதினாலும் குழப்பம் தீராது. மும்பைக் குழுமமே தமிழிலும் மலையாளத்திலும் இணையச் செய்தித் தளங்கள் நடத்துகிறது. எனவே இந்த இரண்டு இதழ்களுக்கும் இதழ் தன் முகப்பில் இடும் முழுப்பெயரே தலைப்பாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'தமிழ் இந்து' வழிமாற்றாக இருக்கட்டும். 'நியூ' என்ற சொல்லை மட்டும் எந்தக் காரணத்தாலும் விடக்கூடாது. அதை விட்டால் இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகிவிடும்.

தொடக்க ஆண்டு

தகவல் பெட்டியில் 'தொடக்கம்' என்ற வரியைப் பலர் யோசிக்காமல் நிரப்பிவிடுகிறார்கள். இந்து தமிழ் திசைக்கு அங்கே 2013 வர வேண்டும். பெயர் மாறிய 2018உம் சரியன்று. குழுமத்தின் 1878உம் சரியன்று. ஓர் இதழ் தன் முதல் பிரதியோடு பிறக்கிறது. பெயர் மாற்றம் அதன் வரலாற்றில் ஒரு நிகழ்வு.

நியூ இந்தியன் எக்ஸ்பிரஸுக்கு ஒற்றை எண் போதாது. 1999 என்று மட்டும் எழுதினால் அதற்கு முந்தைய தெற்குப் பதிப்புகளின் உழைப்பு அழிந்துபோகும். 1932 என்று மட்டும் எழுதினால் அந்த ஆண்டுக்கு இன்னொரு வாரிசும் இருப்பது மறைந்துபோகும். '1932 (இந்தியன் எக்ஸ்பிரஸ்), 1999 முதல் இப்பெயரில்' என்று இரண்டையும் எழுதுவதே நேர்மை. நெருக்கடி நிலைக்கு எதிராக 1975 ஜூன் 28 அன்று தலையங்க இடத்தை வெற்றாக விட்ட பெருமை பிரியாத எக்ஸ்பிரஸுக்கு உரியது. அதை ஒரு வாரிசுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கும் உரிமை எந்தத் தொகுப்பாளருக்கும் இல்லை.

பழைய மேற்கோள்கள்

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தலைப்பை நகர்த்தியதும், மற்ற கட்டுரைகளில் உள்ள பழைய பெயரையெல்லாம் தானியங்கியால் ஒரே வீச்சில் மாற்றிவிடும் ஆர்வம் சிலருக்கு வருகிறது. நல்லெண்ணத்தில் செய்யப்படும் பெருந்தீங்கு அது. 2015இல் வெளியான கட்டுரைக்கு மேற்கோள் தரும்போது அன்று தாளில் அச்சான பெயரே நிற்க வேண்டும். நூலகத்தில் கட்டிவைத்த தொகுதியைத் திறப்பவர் முகப்பில் காணப்போவது அந்தப் பெயரைத்தான்.

அதே நேரம், 'தி இந்து, 2015' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் ஆங்கில நாளிதழின் ஆவணத்தில் தேடி ஏமாறுவார். 'தி இந்து (தமிழ்)' என்று மொழியைச் சேர்த்தால் போதும். லட்சுமிக்குட்டிக்கு விருது அறிவிக்கப்பட்டதும் தமிழ் நாளிதழின் பெயர் மாறியதும் ஒரே ஆண்டில் என்பதால், 2018ஆம் ஆண்டுச் செய்திகளுக்கு ஆண்டு மட்டும் போதாது. தேதி முழுமையாக வேண்டும். எக்ஸ்பிரஸுக்கு மொழி உதவாது. காலமும் ஊரும்தான் உதவும். பெயர் மாற்றத்துக்கு முன் கேரளத்தில் வெளிவந்த செய்தியானால் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' என்றே எழுதி, பதிப்பின் ஊரையும் சேர்க்க வேண்டும். அதன் பிறகானதற்கு 'தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்'.

இரண்டு இதழ்களையும் அருகருகே வைத்துப் பார்த்ததில், எந்தப் பெயர் என்ற கேள்விக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பது தெரிகிறது: இதழுக்கு என்ன நேர்ந்தது? பெயர் மட்டும் மாறியிருந்தால் ஒரு கட்டுரை, ஒரு பிறந்த ஆண்டு, இரண்டு பெயர்கள். இதழே பிரிந்திருந்தால் இரண்டு கட்டுரைகள், பொதுவான முற்பகுதி, ஒவ்வொன்றுக்கும் இன்றைய முழுப்பெயர். இரண்டிலும் பழைய பெயர் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே கண்ணில் பட வேண்டும். தமிழில் ஒரு செய்தியைச் சரிபார்க்க மாணவர்களும் ஆய்வாளர்களும் முதலில் போகும் இடமாக விக்கிப்பீடியா ஆகிவிட்டது. அங்கே இதழின் பெயர் தவறினால், அந்த இதழை நம்பி எழுதப்பட்ட ஒவ்வொரு செய்தியும் சரிபார்க்க முடியாததாகிவிடும்.