இணையம் பிறந்த வரலாறு

ஒரு பொருளை நாள்தோறும் கையாளுதல் வேறு. அதன் இயல்பை அறிதல் வேறு. இணையத்தை இன்று சிறுவர் முதல் முதியோர் வரை யாவரும் கையாளுகின்றனர். கடல் கடந்து வாழும் பிள்ளையின் முகத்தைத் தாய் தன் வீட்டு முற்றத்திலிருந்தே காண்கிறாள். ஆயினும், "இணையம் என்பது யாது? அஃது எங்கே இருக்கிறது? அதற்கு உடையவர் யார்?" என வினவின், விடை கூறுவோர் சிலரே. இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை காண்பதற்கு ஏற்ற வழி, இணையம் பிறந்து வளர்ந்த வரலாற்றை அறிதலேயாகும்.

தொலைபேசியில் இருவர் உரையாடும்போது, அவ்விருவருக்குமிடையே ஒரு தனிவழி இணைக்கப்பட்டது. அவர்கள் பேசினும் பேசாதிருப்பினும், உரையாடல் முடியும்வரை அவ்வழி அவர்களுக்கே உரியதாக இருந்தது. இடையிலுள்ள நிலையம் பழுதுற்றாற் பேச்சும் அறுந்துபோகும். மனிதர் பேச்சுக்கு இம்முறை போதியதாயிற்று. கணினியின் இயல்போ வேறு. அது நொடிப்பொழுதிற் பெருந்தொகையான செய்தியைக் கொட்டிவிட்டு, நெடுநேரம் வாளாவிருக்கும். அதற்கென ஒரு வழியை நாள் முழுவதும் ஒதுக்கிவைத்தல் வீண் செலவாகும்.

இதற்கு மாற்றுவழியை 1960களில் இருவர் தனித்தனியே கண்டனர். அமெரிக்காவில் றான்ட் நிறுவனத்திற் பணிபுரிந்த போல் பரன், அணுகுண்டுத் தாக்குதலிற் சில நிலையங்கள் அழிந்தாலும் எஞ்சியவற்றின் வழியே செய்தி செல்லத்தக்க அமைப்பொன்றை ஆராய்ந்து 1964இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ், கணினிகளைச் சிக்கனமாக இணைக்கும் வழியை நாடி 1965இல் அதே முடிவை அடைந்தார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி அனுப்புவதே அம்முடிவு. அத்துண்டுகளுக்குப் 'பொதி' என்று பொருள்படும் பெயரை இட்டவர் டேவிஸ்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு நீண்ட கடிதத்தை நூறு தபாலட்டைகளில் எழுதி அனுப்புவதாகக் கொள்வோம். ஒவ்வோர் அட்டையிலும் பெறுபவர் முகவரியும், அனுப்புபவர் முகவரியும், வரிசை எண்ணும் இருக்கும். சில அட்டைகள் புத்தளம் வழியாகச் செல்லலாம். சில குருணாகல் வழியாகச் செல்லலாம். பின்னே புறப்பட்டது முன்னே சேரலாம். பெறுபவர் எண்களைப் பார்த்து அவற்றை ஒழுங்காக அடுக்குவார். ஒன்று குறைந்தால் அதனை மட்டும் மீண்டும் அனுப்பும்படி கேட்பார். இணையத்தின் அடிப்படை இதுவே. ஒரு பாதை அடைபட்டால் மறுபாதையாற் பொதிகள் செல்கின்றன.

முதல் வலையமைப்பு அணுப்போருக்கெனவே கட்டப்பட்டது எனப் பலர் கூறுவர். அது முற்றும் பொருந்தாது. சோவியத் நாடு 1957இல் 'ஸ்புட்னிக்' என்னும் செயற்கைக்கோளை ஏவியதைத் தொடர்ந்து, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1958இல் 'ஆர்ப்பா' என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தது. அங்கே 1966இல் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தவர் றொபேட் ரெயிலர். அவருடைய அலுவலகத்தில், மூன்று இடங்களிலுள்ள மூன்று கணினிகளோடு தொடர்புகொள்ள மூன்று தனித்தனிக் கருவிகள் இருந்தன. ஒன்றுக்குரிய கட்டளை மற்றொன்றுக்கு விளங்காது. ஒரே கருவியால் எல்லாக் கணினிகளையும் அடைய வழியில்லையா என்னும் அவருடைய எண்ணமே 'ஆர்ப்பாநெற்' எனும் வலையமைப்புக்கு வித்தாயிற்று.

1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி இரவு பத்தரை மணியளவில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலிருந்து சார்ளி கிளைன் என்னும் மாணவர், ஏறத்தாழ 350 மைல் தூரத்திலிருந்த ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையக் கணினிக்கு 'லொகின்' என்னும் சொல்லை அனுப்ப முயன்றார். எழுத்துக்கள் சேர்ந்தனவா என்பதை இரு முனையினரும் தொலைபேசியிலேயே கேட்டறிந்தனர். 'எல்', 'ஓ' என்னும் முதலிரண்டு எழுத்துக்கள் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி செயலற்றுப்போயிற்று. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின் முழுச்சொல்லும் சென்றது. அவ்வாண்டு முடிவில் நான்கு நிலையங்கள் இணைந்திருந்தன.

பின்னர் வேறு வலையமைப்புக்களும் தோன்றின. சில வானொலி அலை வழியாகவும், சில செயற்கைக்கோள் வழியாகவும் இயங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி. ஆகவே ஒன்றின் பொதி மற்றொன்றுக்குட் புக இயலவில்லை. வின்ற் சேர்வ், றொபேட் கான் என்னும் இருவர் 1974இல் இதற்குத் தீர்வு கூறினர். எந்த வலையமைப்பும் தன் உள்ளமைப்பை மாற்ற வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டும் பொதிகள் மட்டும் ஒரு பொதுவிதிக்கு அமைந்தாற் போதும் என்பதே அத்தீர்வு. 1983ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி ஆர்ப்பாநெற் முழுவதும் அப்பொதுவிதிக்கு மாறிற்று. இணையம் பிறந்த நாள் எனப் பலர் குறிப்பிடுவது அந்நாளையே. ஆகவே, இணையம் எனப்படுவது தனியொரு பொறியன்று. பல்லாயிரம் வலையமைப்புக்கள் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாடாகும். கம்பிவடங்களுக்கும் நிலையங்களுக்கும் உடையவர் பலர் உளர். உடன்பாட்டுக்குத் தனியுடையவர் எவருமிலர்.

இணையமும் வலைத்தளங்களும் ஒன்றே எனக் கருதுவாரும் உளர். இணையம் பாதை, வலைத்தளம் அப்பாதையாற் சென்று அடையும் இடங்களுள் ஒன்று. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள 'சேர்ண்' ஆய்வுகூடத்தில், விஞ்ஞானிகளின் ஏடுகளை ஒன்றோடொன்று தொடுப்பதற்கு ரிம் பேணர்ஸ் லீ 1989இல் ஒரு திட்டம் வகுத்தார். அதுவே உலகளாவிய வலை. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி, அதன் நிரல்களை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என அவ்வாய்வுகூடம் அறிவித்தது. விலை கேட்டிருப்பின், அது ஒருசிலர் கருவியாகவே நின்றிருக்கக்கூடும்.

ஆதியில் ஆங்கில எழுத்துக்களாலேயே அமைந்த தள முகவரிகள், பிற்காலத்திற் பிற மொழிகளுக்கும் இடமளித்தன. 2010இல் 'இலங்கை' என்னும் தமிழ்ச் சொல்லே தள முகவரியின் ஈற்றுப் பெயராக ஏற்கப்பட்டது. கண்டங்களுக்கிடையே செல்லும் செய்தி விண்வழியே செல்வதாகப் பலர் எண்ணுவர். அதிற் பெரும்பகுதி கடலடிக் கம்பிவடங்களின் வழியே செல்கிறது. அத்தகைய வடங்கள் கொழும்புக் கரையையும் தொடுகின்றன.

இவ்வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. இணையத்தை வகுத்தோர், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த அறிஞர் கூட்டத்தினர். பொதியைக் கொண்டுசேர்ப்பதே அவர்தம் நோக்கம். அதனுள் இருப்பது மெய்யோ பொய்யோ, எழுதியவர் தாம் கூறும் ஆள்தாமோ என ஆராயும் கடமையை அவர்கள் பாதைக்கு அளிக்கவில்லை. பூட்டும் முத்திரையும் பின்னரே சேர்க்கப்பட்டன. தபாற்காரர் கொணர்ந்தார் என்பதற்காகக் கடிதத்திலுள்ளதெல்லாம் உண்மையாகிவிடாது. அவ்வாறே, இணையத்தில் வந்தது என்பதும் ஒரு செய்திக்குச் சான்றாகாது. பாதை பொதுவானது, அதில் வருவதை ஆய்ந்து கொள்ளும் பொறுப்புப் பெறுவோரையே சார்ந்தது.