வசந்தம் கொணர்ந்த புழுதி

வசந்தம் என்றவுடன் நமது உள்ளத்திலே தோன்றுவன தென்றலும், மாந்தளிரும், குயிலோசையும், வேப்பம்பூ மணமுமே. புலவர் பெருமக்கள் இப்பருவத்தை மன்மதனுக்குத் தோழனாக்கிப் பாடி மகிழ்ந்தனர். கமக்காரனோ இதனை வேறு கண்கொண்டு நோக்குகிறான். பனியிலே உறங்கிய பயிர் மீண்டும் தலைதூக்கும் குளிர்நாடுகளில், வசந்தத்திற்குரிய சில வாரங்களிலே பெய்யும் மழையும் வீசும் காற்றுமே அவ்வாண்டின் விளைவு இன்னதென்று தீர்மானிக்கின்றன.

விளைவு பொய்த்தபோதெல்லாம் "காலம் கெட்டுவிட்டது" என்று கூறி ஆறுதலடைவது எந்நாட்டார்க்கும் இயல்பு. காலம் கெட்டதா, அன்றி மனிதன் கெடுத்தானா என்னும் வினாவிற்கு விடைகாண விரும்புவோர், 1930ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் கோதுமை நிலங்களில் நிகழ்ந்தவற்றை ஒருமுறை ஆராய்ந்து பார்த்தல் நன்று. அங்கே ஒவ்வொரு வசந்தத்திலும் காற்று தன் வழக்கப்படியே வந்தது. ஆனால் அதனை எதிர்கொள்ள நின்ற நிலம் பழைய நிலமாக இருக்கவில்லை. இவ்வரலாற்றின் சாரம் இதுவேயாம்.

புற்றரையும் அதன் பருவமும்

றொக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, கனடா தொடக்கம் ரெக்சாஸ் வரை பரந்து கிடப்பது அமெரிக்கப் பெருஞ்சமவெளி. அதன் தென்பாகத்திலே கன்சாஸ், கொலராடோ, ஒக்கிளகோமா, ரெக்சாஸ், நியூ மெக்சிக்கோ என்னும் ஐந்து மாநிலங்கள் அண்டையண்டையாய் அமைந்திருக்கும் பிரதேசமே இக்கதைக்குரிய இடம். அங்கே ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 20 அங்குலத்திற்குங் குறைவானது. ஆறில்லா ஊரென நாம் குறைப்பட்டுக் கொள்ளும் யாழ்ப்பாணத்திலேகூட இதனைப் போல் இரண்டு மடங்கிற்கு மேற்பட்ட மழை பெய்கின்றது என்பதை எண்ணினால், அந்நிலத்தின் வறட்சி ஒருவாறு விளங்கும்.

பங்குனி, சித்திரை மாதங்களில் வடக்கேயிருந்து இறங்கும் கனடாவின் குளிர்காற்றும், தெற்கேயிருந்து ஏறிவரும் மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரக்காற்றும் இச்சமவெளியில் எதிர்ப்படுகின்றன. இடைநின்று மறிக்க மலையுமில்லை, பெருங்காடுமில்லை. ஆகவே ஆண்டிலேயே மிகக் கடுமையான காற்று இவ்வசந்த காலத்திலேதான் வீசும். நல்ல ஆண்டுகளில் வளைகுடாவின் ஈரம் இடிமழையாகப் பொழிந்து பயிரை வளர்க்கும். தீய ஆண்டுகளில் ஈரம் வந்து சேராது. காற்று மாத்திரம் வந்து சேரும்.

இத்தகைய காற்றைப் பன்னெடுங்காலம் தாங்கி நின்றது அங்கு வளர்ந்த கட்டைப்புல்லாகும். நிலத்துக்கு மேலே சில அங்குலமே வளரும் அப்புல்லின் வேர்கள், நிலத்தின்கீழே பாய் பின்னியதுபோல் பின்னி மண்ணை இறுகப் பற்றியிருந்தன. மழையில்லாக் காலத்திலே புல் கருகும், வேர் சாகாது. அப்புல்லை மேய்ந்து திரிந்த காட்டெருமைக் கூட்டங்களையும், அவற்றை வேட்டையாடி வாழ்ந்த கொமாஞ்சி, கயோவா, செயென் முதலிய ஆதிக்குடிகளையும் அந்நிலம் தாங்கிற்று. 1870ஆம் ஆண்டுகளிலே வெள்ளை வேட்டைக்காரர் தோலுக்காக எருமைகளைக் கொன்று குவித்தனர். ஆதிக்குடிகள் ஒதுக்கிடங்களிலே அடைக்கப்பட்டனர். புல் மாத்திரம் எஞ்சி நின்றது.

கலப்பை வந்த கதை

1862ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், நிலத்திலே குடியேறிப் பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் வழங்கிற்று. 1909ஆம் ஆண்டின் சட்டம் வறண்ட பகுதிகளில் இதனை 320 ஏக்கராக உயர்த்தியது. மேற்குப் பகுதிகளை ஆராய்ந்த யோன் வெஸ்லி பவெல் என்பார், நீர்ப்பாய்ச்சலின்றி அங்கு பயிர்ச்செய்கை நிலைக்காது என்று 1878ஆம் ஆண்டிலேயே அறிக்கை சமர்ப்பித்திருந்தார். அதனை மதித்தோர் சிலரே. "கலப்பை செல்லுமிடமெல்லாம் மழை பின்தொடரும்" என்னும் கூற்று மக்களுக்கு இனிமையாயிருந்தது. நிலவியாபாரிகளுக்கோ அதனினும் இனிமையாயிருந்தது.

முதலாம் உலக மகாயுத்தம் மூண்டதும் கோதுமையின் விலை புசலொன்றுக்கு 2 டொலருக்கு மேல் உயர்ந்தது. உழவு இயந்திரமும், வட்டுக்கலப்பையும், அறுவடை இயந்திரமும் ஒருவனே பலருடைய வேலையைச் செய்து முடிக்க உதவின. 1925ஆம் ஆண்டுக்கும் 1930ஆம் ஆண்டுக்கும் இடையே மாத்திரம் தென்சமவெளியிலே ஏறக்குறைய 50 இலட்சம் ஏக்கர் புற்றரை புதிதாக உழப்பட்டது. நகரத்திலே வேறு தொழில் செய்துகொண்டு, விதைப்புக்கும் அறுவடைக்கும் மாத்திரம் கைப்பெட்டியுடன் வந்துபோன கமக்காரரும் பலர் இருந்தனர். மண்ணுக்கு அருகிலே வாழாதவன் மண்ணின் குறிப்பை எங்ஙனம் அறிவான்?

பின்னர் விலை விழுந்தது. 1931ஆம் ஆண்டிலே கோதுமை ஏராளமாக விளைந்தது; ஆனால் புசலொன்றின் விலையோ 50 சதத்திற்குங் கீழே இறங்கிற்று. கடனைத் தீர்க்க வேண்டியவன் விலை குறைந்தபோது கூடுதலாக உழுதான். நட்டத்தை ஈடுசெய்ய அவன் கண்ட வழி அஃதொன்றே.

இன்னுமொன்று கவனித்தற்குரியது. வட்டுக்கலப்பை மண்ணைப் பொடியாக்கி விரைவாக வேலை செய்தது. மேல்மண்ணைப் புழுதியாக்கி வைத்தால் அடிமண்ணின் ஈரம் ஆவியாகிப் போகாதென்று அக்காலத்து வறள்நிலக் கமத்தொழில் அறிஞர் சிலரும் போதித்தனர். புழுதி உழவின் நன்மையை வள்ளுவரும் எடுத்துரைத்துள்ளார். நமது கமக்காரரும் மாரியை எதிர்பார்த்துப் புழுதி விதைப்புச் செய்வதுண்டு. ஆயினும் நமது புழுதி, பெரும்பாலும் தவறாது வரும் மாரிக்காகக் காத்திருப்பது. அங்கு கிடந்த புழுதியை முதலிலே வந்து சந்தித்தது காற்று. ஓரிடத்துக்கு உகந்த உழவு இன்னோரிடத்துக்குக் கேடாக முடிதல் இதனாலேயே.

மழை பொய்த்த வசந்தங்கள்

அந்நாட்டிலே விளைவது மாரிக்கோதுமை. அதனைப் புரட்டாதியளவில் விதைப்பர். முளைத்த பயிர் பனிக்காலத்தில் அடங்கிக் கிடந்து, வசந்தத்திலே பசுமைகொண்டு ஓங்கி, ஆனி, ஆடியில் அறுவடையாகும். விதைத்த காலத்தில் மழை பெய்யாவிடின் பயிர் சரியாக முளையாது. நிலத்தை மூடவும் மாட்டாது. அப்பொழுது வசந்தக் காற்று வந்து காண்பது வெறும் மண்ணையே.

1932ஆம் ஆண்டு தொடக்கம் இதுவே நிகழ்ந்தது. காற்று மண்ணைக் கிளப்பும் முறை வியக்கத்தக்கது. பருமணல் நிலத்தோடு உருளும். நடுத்தர மணல் துள்ளித் துள்ளிச் சென்று விழுமிடத்திலே நுண்துகளை மோதிக் கிளப்பும். நுண்துகளோ வானத்தில் எழுந்து நெடுந்தூரம் மிதந்து செல்லும். பயிருக்கு உணவாகும் சத்து மிகுந்திருப்பது அந்நுண்துகளிலேதான். ஆகவே காற்று மண்ணைப் புடைத்துச் சத்தைக் கொண்டுபோய்ச் சக்கையை விட்டுச் சென்றது. துள்ளும் மணல் இளம்பயிரை அறுத்து வீழ்த்தியது. ஒருவன் வயலிலிருந்து பறந்த மணல் அயலானுடைய வயலையும் மூடிற்று.

1934ஆம் ஆண்டு வைகாசி மாதம் 9ஆந் திகதி எழுந்த புயலொன்று சமவெளியின் மண்ணைச் சிக்காகோ, நியூயோர்க், பொஸ்ரன், வாசிங்ரன் முதலிய நகரங்கள் வரை கொண்டுசென்றது. அத்திலாந்திக் சமுத்திரத்திலே சென்ற கப்பல்களின் மேற்றட்டிலும் அம்மண் படிந்தது. மேற்கேயுள்ள கமக்காரனின் துயரை அதுவரை பத்திரிகையிலே படித்த கீழைக்கரை நகரவாசிகள், அன்று அதனைத் தம் சன்னற்படியிலே விரலாற் தொட்டறிந்தனர்.

கறுப்பு ஞாயிறு

1935ஆம் ஆண்டு சித்திரை 14ஆந் திகதி, நாம் வருடப்பிறப்புக் கொண்டாடும் நாட்களை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை. கிறித்தவர்களுக்கு அது குருத்தோலை ஞாயிறு. பல வாரங்களாகப் புழுதியிலே உழன்ற மக்களுக்கு அன்று காலை தெளிந்த வானமும் இளவெயிலும் காட்சியளித்தன. அடைத்திருந்த சன்னல்களைத் திறந்தனர், துணிகளைத் துவைத்துக் காயவிட்டனர், தேவாலயங்களுக்குச் சென்றனர்.

பிற்பகலில் வடக்கேயிருந்து குளிர்காற்றின் முகப்பொன்று மணிக்கு ஏறக்குறைய 60 மைல் வேகத்திலே இறங்கிற்று. அதற்கு முன்னால் பறவைகள் கூட்டங் கூட்டமாகப் பறந்து வந்தன. பின்னால் கரிய மலையொன்று உருண்டு வந்தது. கன்சாஸ் மாநிலத்து டொட்ஜ் சிற்றியைப் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னரும், ரெக்சாஸ் மாநிலத்து அமரிலோவை இரவு ஏழு மணிக்குப் பின்னரும் அது மூடியது. முகத்துக்கு நேரே பிடித்த கையும் புலப்படவில்லை. புழுதி உராய்ந்து பிறந்த மின்சாரத்தால் மோட்டார் வண்டிகள் நின்றன. உலகமுடிவு வந்ததென்று முழந்தாளிட்டோரும் உளர். மறுநாள் றொபேட் கைகர் என்னும் பத்திரிகை நிருபர் தமது செய்தியிலே வழங்கிய சொல்லினாலேயே அப்பிரதேசம் இன்றும் "புழுதிக் கிண்ணம்" எனப்படுகின்றது.

புழுதியைச் சுவாசித்த குழந்தைகளும் முதியோரும் நுரையீரல் நோய்க்கு இரையாயினர். தீனியின்றியும் புழுதியால் மூச்சடைத்தும் கால்நடைகள் மாண்டன. 1940ஆம் ஆண்டளவில் சமவெளி மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய 25 இலட்சம் மக்கள் வெளியேறினர் என்பர். ஆயினும் புழுதிக் கிண்ணத்தின் நடுவே வாழ்ந்தோரிற் பெரும்பான்மையோர் நிலத்தை விட்டகலவில்லை. ஈரத்துணியாற் சன்னல்களை அடைத்துக்கொண்டு, அடுத்த வசந்தம் நன்றாயிருக்குமென்று காத்திருந்தனர்.

மண்ணைக் காத்தோர்

இந்நிலையிலே முன்வந்து உழைத்தோருள் தலையானவர் ஹியூ பெனற் என்பார். 1881ஆம் ஆண்டிலே வட கரோலினாவிற் பிறந்த இவர், 1905ஆம் ஆண்டிலே வேர்ஜீனியா மாநிலத்து மண்ணை ஆராய்ந்தபோது, ஒரே சரிவிலே காட்டின்கீழிருந்த மண் மெதுவாயும் வளமாயும் இருக்க, அடுத்திருந்த உழுத நிலம் இறுகிச் சாரமற்றிருப்பதைக் கண்டார். மண் அழியாச் செல்வம் என்ற பொதுநம்பிக்கை பொய்யென்பதை அன்றே உணர்ந்து, முப்பதாண்டுகள் அதனையே எடுத்துரைத்தார். வாசிங்ரனிலே செனற் சபைக் குழுவின்முன் இவர் சாட்சியமளித்தவேளை, சமவெளியின் புழுதி அந்நகர வானத்தையும் மறைத்ததென்று கூறுவர். கறுப்பு ஞாயிறு கழிந்து 13ஆம் நாள், 1935 சித்திரை 27இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ற் மண்பாதுகாப்புச் சட்டத்திலே கையொப்பமிட்டார்.

சட்டம் மண்ணைப் பிடித்து வைக்காது; சட்டத்தின் வழி நடந்த மக்களே பிடித்து வைத்தனர். சரிவுக்குக் குறுக்காக உழுதல், காற்றுக்குக் குறுக்காக ஆழ்சால் இடுதல், கோதுமைக்கிடையே பட்டைபட்டையாக வேறு பயிரிடுதல், அரிதாளை எரிக்காது நிலத்திலே விடுதல் ஆகியவற்றைக் கமக்காரர் கற்றனர். இவ்வேலைகளுக்கு அரசாங்கம் கூலியுங் கொடுத்தது. 1934 தொடக்கம் 1942 வரை, வட டக்கோட்டா தொடங்கி ரெக்சாஸ் ஈறாக, ஏறக்குறைய 22 கோடி மரங்கள் காற்றுத்தடைகளாக நடப்பட்டன. 1937ஆம் ஆண்டிலிருந்து கமக்காரர்களே வாக்களித்து நிறுவிய மண்பாதுகாப்பு வட்டாரங்கள் தோன்றின. ஒருவனுடைய அசட்டை ஊரையே கெடுக்குமாதலின் ஊரே கூடி அதனைத் திருத்த வேண்டுமென்பது இதன் கருத்து. மிகவும் பாழடைந்த நிலங்களை அரசாங்கமே விலைக்கு வாங்கி மீண்டும் புல் விதைத்தது. அவற்றிற் சில இன்று தேசியப் புற்றரைகளாக உள்ளன. 1939ஆம் ஆண்டு மழையும் திரும்பிற்று.

தீர்ப்பு யாது?

காலத்தின்மேற் பழி போடுவோர் முற்றும் தவறிழைத்தவரல்லர். பசிபிக் சமுத்திரத்தின் வெப்பவலய நீர் வழக்கத்திற் குளிர்ந்தும், அத்திலாந்திக் நீர் வெப்பமுற்றும் இருந்தமையால், வளைகுடாவின் ஈரக்காற்று வலுவிழந்து மழை பொய்த்ததென்று இக்காலத்து ஆய்வாளர் காட்டியுள்ளனர். அந்த வறட்சி மனிதனாற் தடுக்கத்தக்கதன்று. ஆனால் அத்தகைய வறட்சிகளைப் புற்றரை பலமுறை கண்டிருந்தது. உழுது திறக்கப்பட்ட மண்ணே அவ்வறட்சியைப் பேரழிவாக்கிற்று. எழுந்த புழுதி வறட்சியை மேலும் கடுமையாக்கிற்று என்றுங் கூறுகின்றனர். 1950ஆம் ஆண்டுகளிலே கடும் வறட்சி மீண்டும் வந்து புழுதியும் எழுந்தது. எனினும் முன்னைய அழிவு நிகழவில்லை. அதே வசந்தக் காற்று. நிலத்தை நடத்திய முறையே வேறு.

ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. பின்னர் அக்கமக்காரர் ஒகலாலா என்னும் நிலக்கீழ் நீர்ப்படையிலிருந்து பம்பி மூலம் நீரிறைத்துப் பயிரிட்டனர். மழை ஊட்டுவதைவிட மிக விரைவாக இறைப்பதால், மேற்குக் கன்சாசிலும் ரெக்சாசிலும் பல கிணறுகளின் நீர்மட்டம் வீழ்ந்துவிட்டது. முன்னர் புல்லைச் செலவழித்தனர். இப்பொழுது நீரைச் செலவழிக்கின்றனர். கிணற்றை நம்பி வாழும் நாம் இச்செய்தியைத் தூரதேசத்துச் செய்தியென்று தள்ளிவிடுதல் ஆகாது.

மண்ணரிப்பைத் தடுக்க நமது நாட்டிலும் 1951ஆம் ஆண்டிலே மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் எந்தச் சட்டமும் வயல்வரம்பிலே வந்து நிற்பதில்லை. அங்கு நிற்பவன் கமக்காரனே. தந்தையிடமிருந்து பெற்ற நிலத்தின் அளவை உறுதியிலே தேடி அறியும் நாம், அதன் மண்ணின் தரத்தையும் கிணற்றின் ஆழத்தையும் அறிந்து பேணுவதும் முதுசொம் காக்கும் கடமையேயாம். மூத்தோர் தாம் கண்ட பருவங்களின் போக்கை இளைஞருக்கு எடுத்துரைப்பாராக. இளைஞர் அதனைக் கேட்டுக் குறித்து வைப்பாராக. பருவத்தை நாம் ஆள முடியாது. பருவம் வந்து சேரும்போது நமது நிலம் எந்நிலையில் இருக்கும் என்பதோ நமது கையிலேயே உள்ளது.