போரற்ற ஆட்டக்களம்: சதுரங்கம், பரமபதம், திறன் சோதனை

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பகடை உருட்டி ஆடுவது பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும். ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து சூழலை விவரிப்பார். மற்றவர்கள் தம் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருட்டப்படும். பூட்டைத் திறத்தல், காவலரிடம் பேசி வழி பெறுதல், தடயம் தேடுதல் போன்ற சண்டையில்லாக் கட்டங்களைத் தீர்க்கும் முறையே திறன் சோதனை. இவ்விளையாட்டு போர் விளையாட்டிலிருந்து பிறந்ததால் அத்தகைய கட்டங்களுக்கான விதிகள் மெல்லவே உருவாயின. தோற்றவருக்கு அடுத்து என்ன நேர வேண்டும் என்ற கேள்வியே அவ்வளர்ச்சியின் மையம். அதற்குப் பரமபத ஆட்டம் முன்பே ஒரு விடை வைத்திருந்தது.

சதுரங்க வழி

இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த ஹெல்விக் 1780இல் சதுரங்கத்தை விரித்து ஒரு போர் விளையாட்டை அமைத்தார். பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட விளையாட்டில் நிலப்படம், பகடை, நடுவர் ஆகிய மூன்றும் இருந்தன. இன்றைய ஆட்ட நடத்துநருக்கு அந்த நடுவரே முன்னோடி.

அமெரிக்காவில் 1971இல் வெளிவந்த 'செயின்மெயில்' என்னும் போர் விளையாட்டின் தொடர்ச்சியாக, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டனர். அதில் வாள்வீச்சுக்கு விரிவான அட்டவணைகள் இருந்தன. எதிர்ப்படும் உயிர் நட்புக் காட்டுமா என்று பார்க்கவும் ஓர் அட்டவணை இருந்தது. பேச்சு, தேடல், கைவேலை ஆகியவை பெரும்பாலும் நடத்துநரின் முடிவுக்கே விடப்பட்டன.

பரமபத வழி

பரமபதத்தில் பகைவரை வெட்டிக் காய் எடுப்பது நோக்கமன்று. தாயக் கட்டையையோ சோழியையோ உருட்டிக் கீழிருந்து மேலேறிப் பரமபதத்தை அடைவதே நோக்கம். வட இந்தியாவில் ஞான சௌபர் என வழங்கிய இவ்வகை ஆட்டத்துக்குச் சமண, வைணவ வடிவங்கள் உண்டு. தமிழகத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக இதை ஆடுவது வழக்கம். விருதுநகர் மாவட்டத்தில் பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த திருவில்லிபுத்தூரிலும் அந்நாள் பெருவிழாவாகக் கொண்டாடப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்தில் 'பாம்பும் ஏணியும்' என்று விற்பனைக்கு வந்தது.

பாத்திரமேற்பு விளையாட்டு பரமபதத்திலிருந்து வந்ததன்று. ஆயினும் அமைப்பு நோக்கில் இரண்டையும் ஒப்பிடலாம். பாம்பின் தலையில் ஒரு தீக்குணமோ அசுரன் பெயரோ எழுதப்பட்டிருக்கும். காய் இறங்கும்போது எதனால் இறங்கியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்ற இரண்டும் ஆடுபவருக்குத் தெரியும். ஆட்டமும் நிற்பதில்லை. பரமபதத்தின் குறை, ஆடுபவருக்குத் தேர்வு இல்லாமை. எந்தக் கட்டத்துக்குப் போவது என்பதைப் பகடையே தீர்மானிக்கிறது.

திறன் சோதனையின் வளர்ச்சி

1975இல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில் திருடன் பாத்திரத்துக்குப் பூட்டுத் திறத்தல், ஒளிந்து நகர்தல் போன்ற திறன்கள் விழுக்காட்டில் தரப்பட்டன. 'டிராவலர்' (1977), 'ரூன்குவெஸ்ட்' (1978) ஆகியவை திறன்களை எல்லாப் பாத்திரங்களுக்கும் உரியவை ஆக்கின. 'கால் ஆஃப் கதுலு' (1981) நூலக ஆய்வையும் தடயத் தேடலையும் ஆட்டத்தின் நடுவே வைத்தது.

இவற்றில் ஒரு சிக்கல் எழுந்தது. தடயம் தேடிய பகடை தவறினால் கதை அங்கேயே நின்றுவிடும். 'டிரெயில் ஆஃப் கதுலு' (2008) இதற்கு நேரடித் தீர்வு கண்டது. உரிய திறனுடையவர் உரிய இடத்தில் தேடினால் முதன்மைத் தடயம் கிடைத்தே தீரும். அதை வைத்து என்ன செய்வது என்பதே ஆட்டம்.

அதே ஆண்டு வந்த டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பு, குறித்த அளவு தோல்விகள் சேருமுன் குறித்த அளவு வெற்றிகளைப் பெற வேண்டும் என்ற விதியைத் தந்தது. பின்னர் தோல்வி வரம்பு மூன்று என்று திருத்தப்பட்டது. எண்ணிக்கை தெளிவாக இருந்தும், ஒவ்வொரு தோல்வியிலும் சூழல் மாறாவிட்டால் அது வெறும் பகடைக் கணக்காகவே முடிந்தது. 'அப்போகலிப்ஸ் வேர்ல்ட்' (2010) இரு பகடைகளின் கூட்டுத்தொகையை மூன்றாகப் பகுத்தது. 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி. 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி. 6 அல்லது அதற்குக் கீழ் நிலைமை மோசமாகும். 'பிளேட்ஸ் இன் தி டார்க்' (2017) வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து நிரப்பி, நெருங்கும் ஆபத்தைக் கண்ணுக்குக் காட்டியது.

சிவகாசிப் பின்னணியில் ஒரு கட்டம்

பகைவரே இல்லாத இடத்திலும் உயிர் போகலாம் என்பதைச் சிவகாசி வட்டாரம் நன்கறியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவ்வட்டாரத்தைக் களமாகக் கொள்ளும் ஆட்டத்தில் 'சோதனையில் தோற்றால் வெடிக்கும்' என்று வைப்பது எளிது. ஆனால் அது ஆடுபவருக்கு எதையும் கற்றுத் தராது.

தீபாவளிக்கு முந்திய வாரங்கள் என்று கொள்வோம். ஆடுபவர் ஆலையின் போர்மேன். சரக்கு அனுப்ப நாள் நெருங்குகிறது, வெயில் ஏறுகிறது, கலந்த மருந்து மீந்திருக்கிறது. முதலாளியிடம் பேசி வேலையை நிறுத்தலாம், மருந்தை முறைப்படி அப்புறப்படுத்தலாம், அல்லது ஆட்களை வேறு அறைக்கு மாற்றலாம். ஆறு துண்டு வட்டம் ஒன்று நெருக்கடியைக் காட்டும். பேச்சு தோற்றால் ஒரு துண்டு நிரம்பும். அனுமதித்த அளவுக்கு மேல் இன்னும் இருவர் அந்த அறையில் உட்கார வைக்கப்படுவர். விலை கொடுத்துப் பெறும் வெற்றி என்றால் வேலை நிற்கும். ஆனால் உருப்படிக் கணக்கில் கூலி வாங்குவோர் அன்றைய கூலியை இழப்பர். அவர்களை மறுநாள் எதிர்கொள்வதே அடுத்த கட்டம்.

இங்கே ஒவ்வொரு சறுக்கலுக்கும் காரணமும் போய்ச் சேரும் இடமும் உண்டு. பரமபதத் தாளில் பாம்பின் தலையில் எழுதியிருப்பதும், வால் முடியும் கட்டமும் செய்யும் வேலை அதுவே. தேர்வு மட்டும் ஆடுபவரிடம் இருக்கிறது. விபத்து என்பது ஒரு நொடியின் கெட்ட நேரம் அன்று, முன்பே எடுத்த பல சிறு முடிவுகளின் கூட்டு என்பதை இத்தகைய கட்டம் விளங்க வைக்கும்.