அண்ணாவைத் தோற்கடித்த காஞ்சிபுரம்

காஞ்சிபுரம் அண்ணா பிறந்த ஊராச்சே, அங்கே அவர் தோற்பாரா என்பீர்கள். தோற்றார் சார்! 1957-ல் அவரை எம்.எல்.ஏ. ஆக்கிய அதே தொகுதி, 1962-ல் காங்கிரஸ் வேட்பாளரான பஸ் முதலாளி எஸ்.வி.நடேச முதலியாரை ஜெயிக்க வைத்தது. வித்தியாசம் 9,000 சொச்சம் ஓட்டு.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தேர்தலில்தான் தி.மு.க. 15 இடங்களிலிருந்து 50-க்குத் தாவியது. பழைய 15 பேரையும் வீழ்த்த காங்கிரஸ் குறிவைத்திருந்தது. குளித்தலையை விட்டு தஞ்சாவூரில் நின்ற கருணாநிதி மட்டும் தப்பினார். படை ஜெயித்தது, தளபதிகள் விழுந்தார்கள்!

தோற்ற அண்ணா ராஜ்ய சபாவுக்குப் போனார். திராவிட நாடு கோரிக்கையை டெல்லி அவர் வாயால் கேட்டது அப்படித்தான். ஊர்க்காரர்கள் கோட்டைவிட்டது கட்சிக்கு லாபம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1967-ல் அவர் நின்றது தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில். முதல்வரானபின் மேலவை உறுப்பினரானார். காஞ்சிபுரத்தில் மறுபடி ஓட்டுக் கேட்டு நிற்கவே இல்லை.